புதுப்பிப்பு: பாம்பன் உப்புக் காற்றில் சட்டைப்பை டார்ச்

ஏஏ அளவேயுள்ள ஒற்றை 14500 லித்தியம் அயனி மின்கலத்தில் இயங்கும் சிறிய டார்ச் ஒன்றை வாங்கிய புதிதில், அதன் வெளிச்சத்தைப் பாராட்டியும், கடற்கரையில் எத்தனை காலம் தாங்கும் என்று ஐயுற்றும் எழுதியிருந்தேன். மழைக்காலம் முடிந்துவிட்டதால் அதன் தொடர்ச்சியை இங்கே தருகிறேன்.

டார்ச்சுகளில் காணப்படும் ஐபிஎக்ஸ்8 என்னும் நீர்காப்புக் குறியீடு நீர் உட்புகாமையை மட்டுமே, அதுவும் நன்னீரில், சோதிக்கிறது; உப்பரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வாடைக்காற்று வீசிய நாட்களில் அலுமினிய உடலின் அனோடைஸ் பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், பூச்சில்லாத வால்மூடியின் மரையில் வெண்பொடி படிந்து, மின்னோட்டம் தடைபட்டு, விளக்கு மினுங்கத் தொடங்கியது. மரையைத் துணியால் துடைத்து, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் ஓ-வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவிய பிறகு அந்தக் குறை நீங்கியது. கரைக்குப் போய்வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அலசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளிப்பில் துரு ஏறியிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டேன்.

டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 அளவுகோலின்படி, தொடக்க வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரமே ஓடுநேரம் என்பதால், பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. உச்ச வெளிச்சமோ, உடல் சூடேறியதும் தானே தணிந்துவிடுகிறது. வலை பிரிக்கும் இடத்தில் நடுத்தர நிலையே போதும். அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஏஏ மின்கலத்தையும் இந்த டார்ச் ஏற்கிறது, வெளிச்சம் மங்கலானாலும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன், கிரீஸ் குப்பியையும் சேர்த்து வாங்குவதாயிருந்தால்.