நிலத்தோற்றமா, நிலக்காட்சியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இடத்தின் தோற்றத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஆராயும் துறை லேண்ட்ஸ்கேப் பெர்செப்ஷன். அதன் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில், இந்தப் பெயருக்கு 'நிலக்காட்சி உணர்வு' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தத் துறைக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

இந்த ஆய்வுகளில் மக்களைப் பெரும்பாலும் இடத்துக்கே கூட்டிப்போவதில்லை. படத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். 1976இல் டேனியல், பாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க வனத்துறை வெளியீடாகத் தந்த முறையைப் பாருங்கள். காட்டுக்குள் ஏதோ ஒரு திசையில் கேமராவைத் திருப்பிப் படம் எடுக்க வேண்டும். நல்ல கோணம் தேடக் கூடாது. அந்த ஸ்லைடுகளைப் பார்ப்பவர்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? மதிப்பெண் காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், படமெடுத்தவரின் ரசனைக்கு அல்ல. படம் இடத்துக்குப் பதிலாக நிற்குமா என்பதுதான் துறையின் அடிப்படைக் கேள்வி. காட்சி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சட்டத்துக்குள் அடங்கிய படம். இடத்தையும் நிலக்காட்சி என்றுவிட்டால் அந்தக் கேள்வியையே தமிழில் கேட்க முடியாது.

அதனால் இடத்துக்கு நிலத்தோற்றம். தோற்றம் என்றாலே யாருக்கோ தோன்றுவது என்ற பொருள் உள்ளே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கையும் 'மக்கள் உணர்கிறபடியான நிலப்பகுதி' என்றுதான் இதை வரையறுக்கிறது. பெர்செப்ஷனுக்கு உளவியலில் ஏற்கெனவே புழங்கும் புலக்காட்சியே இருக்கட்டும். 'உணர்வு' என்றால் எமோஷனோடு குழம்பும். ஆக, நிலத்தோற்றப் புலக்காட்சி. நீளம்தான், சரி, ஆனால் தெளிவு. இடத்துக்குப் பதிலாகக் காட்டும் படத்தை 'பதிலிப் படம்' எனலாம்.

லேண்ட்ஸ்கேப்புக்குத் திணை என்ற பரிந்துரையையும் யோசித்தேன். திணையில் நிலத்துக்குரிய உணர்ச்சி மரபிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது: முல்லை என்றால் இருத்தல், நெய்தல் என்றால் இரங்கல். ஆய்வாளரோ எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் பார்ப்பவரிடம் கேட்கிறார். இரண்டும் எதிரெதிர் வழிகள்.

அடுத்து சிமுலேஷன், அதாவது ஓர் இடத்தை நேரில் பார்ப்பதுபோலச் செய்து காட்டுவது. அதற்கு 'கணினிப் பாவனை' வேண்டாம். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்யார்டு, கிரெய்க் என்ற ஆய்வாளர்கள் ஒரு வட்டாரத்தைச் சிற்றுருவாகச் செய்து, அதன் தெருக்களில் நுண்ணிய கேமரா முனையை நகர்த்திப் படம்பிடித்தார்கள், காரில் போகிறவர் பார்ப்பதுபோல. அதில் உயிர்நாடி சிற்றுரு, கணினி அல்ல. அப்புறம், ஈழத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. 'உருவகப்படுத்தல்' அணியிலக்கணத்துக்குப் போய்விடுகிறது. 'போலி' என்று வரும் சொல்லை மதிப்பெண் தாளில் எழுதினால், பார்ப்பவர் படத்தைப் பார்க்கும் முன்பே சந்தேகப்படுவார். அது முடிவையே பாதிக்கும். என் தெரிவு 'ஒப்புருவாக்கம்'. வரப்போகும் காற்றாலையை இன்றைய ஒளிப்படத்தில் பொருத்திக் காட்டுவதும் இதன் ஒரு வகை. அசையாத படத்தில் இறக்கை சுழலாது, ஓசையும் வராது. ஆகவே 'நிலை ஒப்புருவாக்கம்', 'இயங்கு ஒப்புருவாக்கம்' என்று பிரிக்க வேண்டியிருக்கும். இந்தச் சொல் அதற்கு இடம் தருகிறது.

எனக்குப் பிடிபடாதது ஒன்று மிச்சம். மக்களிடமே கேமராவைக் கொடுத்து, பிடித்த இடத்தை எடுத்துவரச் சொல்லும் முறையும் உண்டு. அந்தப் படம் எதற்கும் பதிலி அல்ல. எடுத்தவரின் தேர்வே அங்கு தரவு. 'பங்கேற்பாளர் படம்' மிகப் பொதுவாக இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?