‘காலநிலை எழுத்தறிவு’ என்ற சொல் வகுப்பறையில் நிற்குமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கையேட்டை மொழிபெயர்க்கும் அம்மையார் நம்மிடம் கேட்டது ஒரே ஒரு சொல்: ஆங்கிலத்தின் ‘climate literacy’ என்பதற்குத் தமிழ். நாம் இதுவரை ஒன்பது சொற்களைக் கொடுத்து அவரைக் குழப்பியிருக்கிறோம். அதில் இரண்டு என் பங்கு என்பதால் நானே கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன். கதை, படம், செய்தி ஆகியவற்றின் வழியாகக் காலநிலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான கையேடு அது. சொல் அட்டையிலும் வருகிறது, ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் வருகிறது.

முன்பாதியை விரைவாக முடித்துவிடலாம்.

> செய்தித்தாள்கள் ‘பருவநிலை’ என்றும் எழுதுகின்றன. புழக்கத்தில் இருப்பதை ஏன் ஒதுக்க வேண்டும்?

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டுதோறும் மாறி மாறி வருவதுதான் பருவம். ‘பருவநிலை மாற்றம்’ என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, “அது எப்போதும் மாறுவதுதானே?” என்று கேட்டால் அவள் தமிழைச் சரியாகப் படித்திருக்கிறாள் என்று பொருள். தட்பவெப்பநிலை என்ற சொல்லில் மழைக்கும் காற்றுக்கும் இடமில்லை. காலநிலை என்பதில் காலம் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு காலநிலையைக் கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 ஆண்டுச் சராசரியை. ஆகவே இங்கே காலநிலையே பொருந்தும்.

சண்டையெல்லாம் பின்பாதியில்தான்.

‘எழுத்தறிவு’ என்பதை ஆதரிப்பவர்கள் கணினி எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு என்று ஏற்கெனவே இருப்பவற்றைக் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்தைக் குறித்த வேரிலிருந்து பிறந்த ‘literacy’ என்ற சொல் இழுத்து இழுத்து நீண்டு, இன்று எதற்கும் பின்னொட்டாக நிற்கிறது. தமிழில் எழுத்தறிவு இன்னும் அ, ஆ-வை விட்டு நகரவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. எழுத்தறிவு என்றதுமே அது இல்லாதவர் என்றொரு கூட்டம் மனத்தில் வந்துவிடுகிறது. காற்றின் திசையைப் பார்த்தே மழையைச் சொல்லும் மனிதர் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறார். ‘படிப்பறிவு’ இன்னும் மோசம், அது பாதி வசவு.

‘விழிப்புணர்வு’ வேண்டாம். ஒரு செய்தியைக் கேட்டுப் பதறுவதும் விழிப்புணர்வுதான். பதறியவருக்குப் புரிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

‘காலநிலைத் தெளிவு’ நான் முன்வைத்தது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேகமில்லாத நாள் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ‘காலநிலை அறிதிறன்’ என்பதும் என்னுடையதே. அறிதிறன்பேசி வந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் கை சட்டைப்பைக்குப் போகிறது.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். அமெரிக்க அரசு அமைப்புகள் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, நாம் காலநிலையை எப்படிப் பாதிக்கிறோம், அது நம்மையும் சமூகத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்ற புரிதல் என்று இதை வரையறுக்கிறது. கூடவே, அந்தப் புரிதல் உள்ளவர் ஒரு தகவல் அறிவியலின்படி நம்பத்தக்கதா என்று எடைபோடுவார், பிறரிடம் பொருள்படப் பேசுவார், அறிந்து முடிவெடுப்பார் என்கிறது. எல்லாம் செய்யத் தெரிவதைப் பற்றியவை. வெறும் ‘காலநிலையறிவு’ போதாது என்பதற்கு இதுவே காரணம். அது தகவல் மூட்டையாக நின்றுவிடும்.

கதை வழியாகக் கற்பிக்கும்போது இந்தத் திறன் எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். கதைக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு புயல் வேண்டும், அதில் வீடிழந்த ஒரு சிறுமி வேண்டும். முப்பது ஆண்டுச் சராசரிக்கு முகமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதாவது கதை பேசுவது வானிலையை. பாடம் நடத்த வேண்டியதோ காலநிலையை. “இந்தப் புயல் வந்ததே காலநிலை மாற்றத்தால்தான்” என்று ஒரு மாணவரும், “புயல் அந்தக் காலத்திலும் வந்ததே” என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் ஒற்றை நிகழ்ச்சியிலேயே நின்றுவிட்டார்கள். அங்கிருந்து நீண்ட பதிவுக்குப் போய்த் திரும்பிவரத் தெரிய வேண்டும். நாம் பெயர் தேடுவது அந்தப் போக்குவரத்துக்குத்தான்.

பதிவையும் கதையாகப் படிக்க முடியும். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் என்ற அறிவியலாளர் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவுகளின் வரைபடக் கோடு நேராக ஏறவில்லை, ரம்பப்பல் போல ஏறி இறங்கி ஏறுகிறது. வட அரைக்கோளத்தின் கோடையில் செடிகொடிகள் வாயுவை இழுத்துக்கொள்ள அளவு இறங்குகிறது. குளிர்காலத்தில் மீண்டும் ஏறுகிறது. இறக்கம் எதனால் என்று கேட்டுவிட்டு, பிறகும் ஏன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்று கேட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஊடகப் படத்தையும் இப்படியே எடுக்கலாம். கடலில் மிதந்து உருகும் பனிப்பாறையைக் காட்டி, கீழே ‘கடல்மட்டம் உயர்கிறது’ என்று போடுகிறார்கள். மிதக்கும் பனி உருகுவதால் மட்டம் ஏறக்குறைய உயர்வதே இல்லை. நிலத்தின் மேலுள்ள பனி உருகிக் கடலில் சேர்வதும், சூடேறிய கடல்நீர் விரிவதுமே காரணம். வரியும் உண்மை, படமும் உண்மை, இரண்டையும் ஒட்டிய விதம் தவறு. (நம் கலைச்சொல் துறையிலும் இது உண்டு. ‘பசுமை இல்ல வாயு’ என்றால் அது ஏதோ நல்ல வாயு என்றுதான் தோன்றும். பசுமை இல்லம் எனப்படும் கண்ணாடிக் குடில் முக்கியமாகச் சூடான காற்று வெளியேறாமல் தடுத்துச் சூடாகிறது; வாயுக்களோ வெப்பக் கதிரை உறிஞ்சி மீண்டும் வெளிவிடுகின்றன. மூல உவமையே நொண்டி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.)

கதை, கோடு, படம் என்று மூன்றிடத்திலும் பொருந்தும் வினை ‘படி’. பெயராக்கினால் படிப்பறிவில் போய் விழுகிறோம். ‘வாசி’ அப்படியில்லை. நாம் வீணையையும் வாசிக்கிறோம், முகத்தையும் வாசிக்கிறோம், எழுத்து கட்டாயமில்லை. வெறும் ‘காலநிலை வாசிப்பு’ என்றால் காலநிலை பற்றிய நூல்களை வாசிப்பது என்றாகிவிடும். ஆகவே பட்டறிவு, கேள்வியறிவு வரிசையில் ‘வாசிப்பறிவு’. என் பரிந்துரை: காலநிலை வாசிப்பறிவு.

வாசி தமிழா வடமொழியா என்று அடுத்த மடல் வரும் என்று தெரியும். அம்மையாருக்கு அவசரம், அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

---

ஐயா, வணக்கம்.

ஆசிரியை என்ற முறையில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். எட்டாம் வகுப்பில் இரண்டு சொற்களையும் எழுதி, விளக்காமல், என்ன பொருள் இருக்கும் என்று கேட்டேன். ‘காலநிலை எழுத்தறிவு’ என்பதற்குக் கிடைத்த பதில்: “மழை, வெயில் எல்லாம் பிழையில்லாமல் எழுதுவது.” ‘வாசிப்பறிவு’ என்பதற்கு ஒரு பையன், “வெப்பமானியை வாசிக்கத் தெரிவதா?” என்றான். தவறான விடை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு ஐயம். மூலத்தில் இந்த அறிவு இல்லாதவரைக் குறிக்கும் சொல்லும் வருமே? ‘வாசிப்பறிவிலி’ என்று யாராவது எழுதிவிடப்போகிறார்கள்.

---

அம்மா, அந்தப் பையனுக்கு என் வணக்கம். கருவி காட்டும் அளவையும் ‘வாசிப்பு’ என்கிறோம் என்பது எனக்கு எட்டவே இல்லை. சொல்லுக்கு அவன் இன்னொரு கால் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

‘இலி’ வேண்டவே வேண்டாம். எதிர்மறைக்குத் தனிக் கலைச்சொல் தேவையில்லை, தொடராகவே எழுதலாம்.

---

எல்லாருக்கும் நன்றி. ‘காலநிலை வாசிப்பறிவு’ என்றே வைத்துக்கொள்கிறேன். எதிர்மறை வந்த நான்கு இடங்களையும் ‘இன்னும் வாசிக்கப் பழகாத’ என்று மாற்றிவிட்டேன். அட்டைக்குச் சொல் நீளம் என்கிறார் வடிவமைப்பாளர். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறேன்.