மான்செஸ்டரில் இங்கிலாந்தால் ஏன் வெல்ல முடியவில்லை?

மெய்டன் ஓவர்:
2025 ஜூலை, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் இந்தியா 358, இங்கிலாந்து 669. 311 ரன் பின்தங்கிய நிலையில் மீண்டும் ஆட வந்த இந்தியா, வோக்ஸ் வீசிய முதல் ஓவரிலேயே ரன் எதுவும் எடுக்காமல் இரண்டு விக்கெட்டைப் பறிகொடுத்தது. ஆனால் அதன்பின் 143 ஓவர் முடியும்வரை விழுந்தவை இன்னும் இரண்டே விக்கெட். 425/4, ஆட்டம் டிரா. விக்கெட் எடுக்கத் தெரிந்த சுழல் பந்து வீச்சாளர் இல்லாததுதான் காரணம். அந்த இன்னிங்ஸில் சுழல் பந்து வீச்சாளர் டாசன் 47 ஓவர் வீசி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. ரன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரிடம் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கச் சொன்னால் எப்படி?

நான்காம் ஸ்லிப்:
பாவம், டாசன்! முந்தைய லார்ட்ஸ் டெஸ்டில் சுழல் பந்து வீச்சாளர் பஷீருக்கு விரல் முறிந்ததால் எட்டு ஆண்டு கழித்து டெஸ்டுக்கு அழைக்கப்பட்டவர் அவர். ஐந்தாம் நாளிலும் அந்த ஆடுகளத்தில் பெரிய வெடிப்பு இல்லை. அந்தத் தொடர் முழுவதும், இங்கிலாந்தில் டெஸ்டுக்குப் பயன்படும் டியூக்ஸ் பந்து சீக்கிரமே தளர்ந்துபோகிறது என்று இரண்டு அணிகளும் முறையிட்டன. பந்தின் வடிவம் கெட்டுவிட்டதா என்று நடுவர்கள் அடிக்கடி அதை வளையத்தில் நுழைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தளர்ந்த பந்து எழும்பாது, ஸ்விங் ஆகாது, அதாவது காற்றில் வளையாது. மட்டையின் விளிம்பில் பட்டாலும், கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் ஃபீல்டருக்கு முன்னாலேயே தரையில் விழுந்துவிடும்.

காவிரிக்கரை:
ஸ்லிப்பின் கைக்கே வந்த பந்தும் நழுவியதே! கில் 103 ரன்னில் வெளியேறியதும் ஜடேஜா வந்தார். ஆர்ச்சர் வீசிய முதல் பந்திலேயே ரூட் அவருடைய கேட்சை விட்டுவிட்டார். அதைப் பிடித்திருந்தால் 222/5. பிறகு ஜடேஜாவும் நம் வாஷிங்டன் சுந்தரும் ஆளுக்கொரு சதம் அடித்து, 203 ரன் சேர்த்து, கடைசிவரை பிரியவே இல்லை.

மெய்டன் ஓவர்:
பழைய பந்தைக் குறை சொல்பவர்கள் அடுத்த டெஸ்டை நினைத்துப் பாருங்கள். ஓவலில் கடைசி நாள் காலை, இங்கிலாந்துக்கு வேண்டியது 35 ரன், கையில் 4 விக்கெட். 80 ஓவர் முடிந்து புதிய பந்து எடுக்கும் நேரம் வந்தும் இந்தியா எடுக்கவில்லை. 80 ஓவரைத் தாண்டிய பழைய பந்தோடுதான் சிராஜ் கடைசி விக்கெட்டாக அட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தார். 6 ரன்னில் வெற்றி!

நான்காம் ஸ்லிப்:
முந்தைய மாலை வெளிச்சம் மங்கி, மழையும் பெய்த மைதானம் அது. அதைவிட முக்கியம், அங்கே இங்கிலாந்து 374 ரன்னைத் துரத்தியது. அடிக்கப் போனால் பந்து வீச்சாளருக்கு வழி திறக்கும். மான்செஸ்டரில் இந்தியாவுக்கு ரன் அவசரமே இல்லை. ராகுல் 90 எடுத்தபோதும் அதே பொறுமைதான். ஆட விருப்பமில்லாத பந்தை விட்டுவிடலாம் என்றிருக்கும் ஆட்டக்காரரை எந்த ஆசை காட்டி வெளியே இழுப்பது? அதற்கு உடலில் தெம்பும் வேண்டும். மான்செஸ்டரில் பந்து வீசிய ஸ்டோக்ஸ், ஆர்ச்சர், கார்ஸ் மூவருமே ஓவல் டெஸ்டில் ஆடவில்லை.

மெய்டன் ஓவர்:
களைப்பை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நேரத்தை ஏன் வீணாக்கினார்கள்? மான்செஸ்டரில் மூன்றாம் நாள் முடிவில் இங்கிலாந்து 544/7. அங்கேயே டிக்ளேர் செய்து இன்னிங்ஸை முடித்துக்கொண்டிருந்தால் நான்காம் நாள் காலை முழுவதும் பந்து வீசக் கிடைத்திருக்கும்.

நான்காம் ஸ்லிப்:
முன்னிலை வெறும் 186 ஆக இருந்திருக்கும். அதே 425 ரன்னை இந்தியா எடுத்திருந்தால், இங்கிலாந்து 240 ரன்னைத் துரத்த வேண்டும், அதுவும் ஐந்தாம் நாளில். எந்தக் கேப்டன் அதற்குத் துணிவார்?