சதுரப்புள்ளிச் சீருடை: உருமறைப்பா, பம்மாத்தா?

கொடிகாமத்தான்:
அமெரிக்கத் தரைப்படை 2004இல ஒரு சாம்பல் சதுரப்புள்ளி உடுப்புக் கொண்டுவந்தது. காடு, பாலைவனம், பட்டினம் மூண்டுக்கும் ஒரே துணி எண்டவை. ஒண்டுக்கும் சரிவரேல்லை. 2014இல வேற வடிவம் எடுத்திட்டினம். கணினியில கீறின சதுரமெல்லாம் சுத்தப் பம்மாத்து. பழைய காக்கியே காணும்.

செம்மண்:
அண்ணை, பழியைச் சதுரத்தில போடாதேங்கோ. கனடாக்காரர் அதுக்கு முந்தியே சதுரப்புள்ளிதான். அமெரிக்க மரீன் படையும் 2002இல தொடங்கி இண்டைக்கும் அதைத்தான் போடினம். ஆனா காட்டுக்கு ஒண்டு, பாலைக்கு வேறொண்டு. தரைப்படை பிழைவிட்டது நிறத்தில. கறுப்பை எடுத்துப்போட்டு மூண்டு வெளிறின நிறம் வைச்சவை. கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்தா புள்ளியெல்லாம் கலந்து ஒரே சாம்பல் கட்டி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலித் தோட்டத்துச் செம்மண்ணில அதோட படுத்தா, தண்ணி மாறுறவர் வரம்பில நிண்டே பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

கொடிகாமத்தான்:
நிறம்தான் பிழை எண்டா, புள்ளி என்னத்துக்கு? காக்கி எண்டாலே உருதுவில புழுதி நிறம். 1914இல பிரெஞ்சுக்காரன் சிவப்புக் காற்சட்டையோட சண்டைக்குப் போய்ப் பட்ட பாடு தெரியும்தானே. மண் நிறத்தில உடுப்பு, அவ்வளவுதான் விசயம்.

செம்மண்:
அதே பிரெஞ்சுக்காரன்தான் 1915இல ஓவியரைச் சேர்த்து உருமறைப்புப் பிரிவு தொடங்கினவன். கண் தேடுறது விளிம்பை அண்ணை: தலை, தோள், தொடை. காக்கி நிறத்தை மறைக்கும், விளிம்பை விட்டிடும். பெரிய திட்டு அந்த விளிம்பை உடைக்கும், சின்னப் புள்ளி கிட்டப் பாக்கேக்க சருகோட சேரும். பத்தையடியில கிடக்கிற பக்கிக்குருவி காலடியில எழும்பிப் பறக்குமட்டும் தெரியுதா? அதின்ர முதுகில ரெண்டும் இருக்கு.

வடமராட்சி:
வரிப்புலிச் சீருடைக்குத் தாவப்போறியள் எண்டு தெரியுது. அரசியல் வேண்டாம், துணியோட நில்லுங்கோ.

தையல்கடை மாமா:
துணிதான் தம்பியவை. வெளிநாட்டால வந்த ஒருத்தர் உப்பிடியொரு காற்சட்டை இடுப்புச் சுருக்கத் தந்தவர். கஞ்சி போட்டு, மடிப்புக் கத்தி மாதிரி அயன் பண்ணிக் கிடந்தது. உந்தத் துணிக்குக் கஞ்சியும் ஆகாது, துணியைப் பளிச்செண்டு காட்டுற வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூளும் ஆகாது. பகலில ஒண்டும் தெரியாது. இரவுப் பார்வைக் கருவியில ஆள் மினுங்குவார்.

கொடிகாமத்தான்:
அப்ப இவ்வளவு ஆராய்ச்சியையும் கவுத்தது கஞ்சித்தண்ணியோ மாமா? நான் காக்கியோடயே நிக்கிறன்.