தானியங்கி வளத் துப்புரவு: இயக்கிப் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

[தொடக்க மடல்]

நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை லினக்ஸ் சாதன இயக்கிகள் (வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்கள்) பற்றி வகுப்பு. மாணவர்களிடம் ஒரு பேட்சை (நிரலில் செய்யும் திருத்தத்தை) கொடுத்து, குறை கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன். தமிழ்க் குறிப்பு தயார். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது.

விஷயம் இதுதான். சாதனம் கிடைத்ததும் ஓடும், இயக்கியின் ப்ரோப் செயற்கூறு முதலில் நினைவகம் கேட்கும், பிறகு சாதனத்துக்கான கடிகாரத் துடிப்பை வாங்கும், அப்புறம் சாதனம் எழுப்பும் குறுக்கீட்டுக்கு (இன்டரப்ட்) பதிவு செய்யும். மூன்றாவது தோற்றால் முதல் இரண்டையும் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழைய நிரல்களில் இதற்காகச் செயற்கூறின் அடியில் கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) லேபிள்கள் வரிசையாக நிற்கும். தவறான லேபிளுக்குத் தாவினால் வாங்கியது திரும்பாமல் கசிவுதான். 2007இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.21 பதிப்பில் டெவ்எம் (devm_) என்று தொடங்கும் செயற்கூறுகளின் குடும்பம் வந்தது. வாங்கிய வளங்களையெல்லாம் சாதனத்தின் பெயரில் குறித்து வைத்துக்கொள்ளும். ப்ரோப் தோற்றாலோ இயக்கி கழன்றாலோ, கடைசியில் வாங்கியதை முதலில் என்ற கணக்கில் தானாகவே திருப்பிவிடும். 2023இல் 6.5 கர்னலில் இன்னொன்று சேர்ந்தது. அது, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரின் க்ளீனப் (cleanup) பண்பை நம்பியது. மாறியை அறிவித்த அடைப்பை, அதாவது நெளி அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் பகுதியை, தாண்டியதும் வளம் விடுபடும். கார்டு (guard) என்று எழுதினால், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டும் அப்படியே திறந்துகொள்ளும்.

இரண்டையும் சேர்த்து 'தானியங்கி வளத் துப்புரவு' என்று எழுதியிருக்கிறேன். படித்தால் நகராட்சி வண்டி ஞாபகம் வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

[புலவர் ஐயாவின் மறுமொழி]

தம்பி, முதலில் 'தானியங்கி'யை எடுங்கள். அது பெயர்ச்சொல், தானே இயங்கும் பொருளைக் குறிக்கும். அடைமொழியாக வேண்டுமென்றால் 'தானியங்கு' என்று வினைத்தொகையாக வர வேண்டும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

துப்புரவைப் பற்றி அவசரப்பட வேண்டாம். 'துப்புர வில்லார் துவரத் துறவாமை உப்பிற்கும் காடிக்கும் கூற்று' என்பது 1050ஆம் குறள். அங்கே துப்புரவு என்றால் நுகரும் பொருள். அதாவது நீங்கள் வளம் என்கிறீர்களே, அதுவே! 'வளத் துப்புரவு' என்பது 'வள வளம்' ஆகிவிடுகிறது. குறளின் பொருளையும் பாருங்கள். தன்னிடம் ஒன்றுமில்லாதவன் முற்றத் துறக்காமல் இருந்தால் பிறர் வீட்டு உப்புக்கும் கஞ்சிக்கும் எமன். வேலை முடிந்தும் நினைவகத்தை விடாத இயக்கியும் அப்படித்தானே?

[நிரலாளர், பெங்களூரிலிருந்து]

ஐயா, வள்ளுவர் நினைவகக் கசிவு பற்றிப் பாடினார் என்று நீங்கள் முடிப்பதற்குள் நான் நுழைந்துவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் நாலு தமிழர்கள் உட்கார்ந்து பேட்ச் பார்த்தால் பேச்சு இப்படித்தான் போகும்: 'இங்க டெவ்எம் போட்டாச்சா? அப்ப ரிமூவ்ல எதுக்கு மறுபடி ஃப்ரீ பண்றீங்க?' (ரிமூவ், இயக்கி கழலும்போது ஓடும் செயற்கூறு. ஃப்ரீ, நினைவகத்தைத் திருப்பித் தருவது.) இதில் தமிழ் இல்லையா? 'க்ளீனப்' என்றே எழுதுங்கள். மாணவன் நாளைக்குக் கர்னல் ஆவணத்தைத் திறந்தால் அந்தச் சொல்தான் கண்ணில் படும். அதே ஆவணம், கோட்டூவையும் இதையும் ஒரே செயற்கூறில் கலக்காதே என்றும் சொல்கிறது. குறிப்பில் அதைச் சேர்த்தீர்களா? சொல்லைவிட அது முக்கியம்.

[யாழ்ப்பாணத்து ஆசிரியை]

க்ளீனப் என்று விட்டுவிட்டால் மாணவர் மனப்பாடம் செய்வார், விளங்கிக்கொள்ள மாட்டார். துப்புரவும் சரியில்லை. இங்கே அழுக்கு எதுவும் இல்லை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே 'விடுவிப்பு'.

ஆனால் ஓர் ஐயம். விடுபடு தன்வினை, விடுவி பிறவினை. வளம் தானாக விடுபடுகிறதா, யாராவது விடுவிக்கிறார்களா? கம்பைலர் சத்தமில்லாமல் ஓர் அழைப்பைச் செருகுகிறது. டெவ்எம்மில் கர்னலே அந்த வேலையைச் செய்கிறது. இரண்டிலும் செய்பவர் உண்டு. எனவே 'தானே விடுபடல்' பொய். இன்னொன்று: எங்கள் பக்கம் டிரைவர் என்றால் சாரதி. 'இயக்கி' என்று படித்ததும் பாதி வகுப்பு இயக்கி அம்மன் கோயிலைக் கேட்கும்.

[புலவர் ஐயா]

இயக்கி பற்றித் தனி இழையில் பேசலாம், நிறைய இருக்கிறது. இப்போதைக்கு: தான் என்பது தன் என்று குறுகும். 'தன்விடுப்பு' என்றால் சுருக்கமாக இருக்குமே.

[நிரலாளர்]

விடுப்பா? அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பம் தர வேண்டும், ஐயா.

[மொழிபெயர்ப்பாளர் ஒருவர்]

பூட்டுக்கு மட்டுமாவது 'பற்று - விடு' என்று வைக்கலாமே. 'பற்றுக பற்றற்றான் பற்றினை' குறளில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன: 'பற்று விடற்கு'. வங்கிக் கணக்கில் பற்று, வரவு என்று இருப்பதால் கொஞ்சம் குழப்பம் வரலாம். துப்புரவுப் பணியாளர் என்பதையே தமிழ்நாட்டு அரசு தூய்மைப் பணியாளர் என்று மாற்றியாயிற்று. நாம் ஏன் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

[தொடக்க மடல் எழுதியவர்]

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்க என் சிக்கல் இடம் மாறிவிட்டது. வகுப்பில் கொடுக்கப்போகும் பேட்சைப் பாருங்கள். குறுக்கீட்டை டெவ்எம் வழியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இடையகத்தை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத்தை) மட்டும் ரிமூவில் கையால் விடுவிக்கிறார்கள். ரிமூவ் முதலில் ஓடும். டெவ்எம் பட்டியல் அதற்குப் பிறகுதான் காலியாகும். இடைப்பட்ட நேரத்தில் குறுக்கீடு ஒன்று வந்தால், கையாளும் செயற்கூறு ஏற்கெனவே விடுவித்த இடையகத்தைத் தொடும். பேட்ச் பார்ப்பவர் கேட்க வேண்டியது 'தானாக நடக்கிறதா' என்பதையல்ல, 'எப்போது நடக்கிறது' என்பதை. இரண்டு வகைக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தக் கேள்வியே மறைந்துவிடும்.

ஆகவே பொதுச்சொல் 'விடுவிப்பு'. வகைகள் 'சாதனத்தோடு விடுவிப்பு', 'அடைப்போடு விடுவிப்பு'. க்ளீனப், டெவ்எம் இரண்டும் முதல் பக்கத்தில் ஒருமுறை வரும். நாளை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

[நிரலாளர்]

எனக்குச் சம்மதம். முழு மனசோடு இல்லை. 'அடைப்போடு' என்றால் சாக்கடை அடைப்பு என்று யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள்.

[யாழ்ப்பாணத்து ஆசிரியை]

எனக்கும் சரி.

[புலவர் ஐயா]

நான் இதை ஏற்கவில்லை. மூன்றாம் வேற்றுமை 'ஓடு' உருபுக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டு. 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்றால் இருவரும் வந்தார்கள். 'சாதனத்தோடு விடுவிப்பு' என்றால் சாதனத்தையும் சேர்த்து விடுவித்ததாகப் பொருள்படும். யுஎஸ்பி கருவியைப் பிடுங்கிய பிறகும் பயனர் ஒருவர் அதன் கோப்பைத் திறந்தே வைத்திருந்தால்? சாதனத்தின் பெயரில் இருந்த நினைவகம் போய்விடும், அவர் கையில் அந்தப் போன நினைவகத்தின் முகவரியைக் காட்டும் வெறும் சுட்டி நிற்கும். வாழ்நாள்கள் வேறுபடும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. உங்கள் சொல்லோ அவற்றை ஒன்றாகக் கட்டுகிறது. 'சாதனச்சார் விடுவிப்பு' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அச்சகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?