மாலேட் டிஹைட்ரஜனேஸ்: என்சைமை இரட்டிப்பாக்கியும் 0.07-ஐத் தாண்டவில்லை

கேள்வி (எம்.எஸ்சி மாணவி)

இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மாலேட் 10 மில்லிமோலார், என்ஏடி 2 மில்லிமோலார், பாஸ்பேட் பஃபர், பிஎச் 7, 25 டிகிரி. மாலேட் ஆக்சலோஅசிடேட்டாக மாறும்போது என்ஏடி என்ஏடிஹெச் ஆகிறது; அந்த என்ஏடிஹெச் ஒளியை உறிஞ்சுவதை 340 நானோமீட்டரில் அளக்கிறேன். என்சைமை விட்டதும் ரீடிங் விறுவிறுவென ஏறி, 0.07 வந்ததும் நின்றுவிடுகிறது. அதன்மேல் இன்னும் என்சைம் சேர்த்தேன், அசையவில்லை. புது குவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சிறு குப்பியில்) ஆரம்பத்திலேயே இரட்டிப்பாகப் போட்டால் சீக்கிரமே 0.07-ஐ எட்டி அங்கேயே நிற்கிறது. என்சைம் வேகத்தைக் கூட்டும் என்றுதானே படித்தோம்?

பதில் 1

என்சைமை ஐஸில் வைத்திருந்தீர்களா? வெளியே கிடந்தால் செயலிழந்துவிடும்.

பதில் 2

செயலிழந்திருந்தால் இரட்டிப்பாகப் போட்டபோது முடிவு ரீடிங் மாறியிருக்கும். மாறவில்லையே. தங்கச்சி, உங்கள் என்சைம் நன்றாகவே வேலை செய்கிறது. வினைதான் சமநிலைக்கு வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த வினையின் நிலையான டெல்டா ஜி (வினை எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் ஆற்றல் மாற்றம்), பிஎச் 7-இல் +29.7 கிலோஜூல். சமநிலை மாறிலி சுமார் 0.0000063. உங்கள் மாலேட், என்ஏடி அளவுகளை அதில் போட்டால் சமநிலையில் என்ஏடிஹெச் 11 மைக்ரோமோலார்தான் வரும். அதை மோலாரில் எழுதி, 340 நானோமீட்டரில் என்ஏடிஹெச்சின் ஒளி உறிஞ்சும் எண்ணான 6,220-ஆல் பெருக்குங்கள்: 0.07. உங்கள் ரீடிங்கேதான்!

மாணவி

அக்கா, +29.7 என்றால் முன்னோக்கியே போகக்கூடாதே? முதலில் ஏன் ஏறியது?

பதில் 2

+29.7 என்பது எல்லாப் பொருளும் 1 மோலார் இருக்கும்போது. உங்கள் குவெட்டில் தொடக்கத்தில் விளைபொருளே கிடையாது, அதனால் உண்மையான டெல்டா ஜி எதிர்மறைதான். விளைபொருள் சேரச் சேர அது பூஜ்யத்தை நோக்கி வருகிறது.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டெல்டா ஜி வேகத்தைச் சொல்வதில்லை. ஏடிபி நீராற்பகுப்பு −30.5 கிலோஜூல், ஆனாலும் நடுநிலை பிஎச்-இல் ஏடிபி கரைசல் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். வேகம் தடை ஆற்றலின் கையில் இருக்கிறது, அதைத்தான் என்சைம் குறைக்கிறது. ஆனால் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே மாதிரி குறைக்கிறது. டெல்டா ஜி சொல்வது, ஒரு மூலக்கூறு திரும்பி வரும் நேரத்தில் எத்தனை மூலக்கூறு முன்னே போகிறது என்பதை. −5.7 கிலோஜூல் இருந்தால் பத்துக்கு ஒன்று.

உங்கள் குவெட்டில் 0.035-ஐத் தொடும்போது அது −3.4: நான்கு போனால் ஒன்று திரும்புகிறது. 0.063-இல் நூறு போனால் எண்பத்தொன்று திரும்பிவிடும். போதாததற்கு ஆக்சலோஅசிடேட்டும் என்ஏடிஹெச்சும் என்சைமிலேயே ஒட்டி இடத்தைப் பிடிக்கும். முதல் நிமிடச் சராசரியை வைத்துச் செயல்திறன் கணக்கிட்டிருந்தால் அது குறைவாகத்தான் வந்திருக்கும்.

பதில் 3

பிஎச்-ஐ ஏற்றுங்கள். இந்த வினை ஒரு புரோட்டானை வெளியிடுவதால், ஒரு பிஎச் ஏறினால் சமநிலை மாறிலி பத்து மடங்காகும். கிளைசின் பஃபர், பிஎச் 9 போதும். அப்புறம் குளூட்டமேட்டும் அஸ்பார்டேட் அமினோடிரான்ஸ்ஃபரேஸ் என்ற என்சைமும் சேர்த்தால் ஆக்சலோஅசிடேட் உடனுக்குடன் அஸ்பார்டேட்டாகிவிடும். ஒயினில் மாலிக் அமிலம் அளக்கும் கிட்டுகளில் இதே உத்திதான். செல்லுக்குள் இப்படி ஆக்சலோஅசிடேட்டை அகற்றி வினையை முன்னே இழுக்கும் வேலையைச் சிட்ரேட் சிந்தேஸ் என்ற என்சைம் செய்கிறது.

மாணவி

பிஎச் 9-இல் இன்று ஓட்டினேன். 0.64 வரை போனது! ஆனால் எனக்குப் பிஎச் 7-இல்தான் செயல்திறன் வேண்டும்.

பதில் 2

சரி, அப்படியானால் திருப்பி ஓட்டுங்கள். என்ஏடிஹெச் 0.15 மில்லிமோலார் எடுத்து, ஆக்சலோஅசிடேட்டைச் சேர்த்து, ரீடிங் இறங்குவதை அளங்கள். அந்தத் திசையில் டெல்டா ஜி உங்கள் பக்கம் இருக்கிறது, கோடு நேராக வரும். ஆக்சலோஅசிடேட்டை மட்டும் அன்றன்று கரைத்து ஐஸில் வையுங்கள். விட்டுவைத்தால் கார்பன் டை ஆக்சைடை இழந்து பைருவேட்டாகிவிடும்.