இ. 1999 எட்டர்னல்: அந்த வேகத்தில் எங்கே மூச்சு விடுகிறார்கள்?

தாளப்பித்தன்: போன் தக்ஸ்-என்-ஹார்மனி என்ற அமெரிக்க ராப் குழுவின் 1995 ஆல்பம். கூடவே பாடினால் நாலாவது வரியிலேயே மூச்சு முட்டுது, சொல்லெல்லாம் குழையுது. பீட் மெதுவாத்தானே போகுது?

கீழ்க்கட்டை: மெதுவா இருப்பதுதான் சூட்சுமம். தயாரிப்பாளர் டீஜே யூ-நீக் அமைத்த பீட்டில் சொல்லுக்கு நிறைய இடம் இருக்கு. நிமிடத்துக்கு 70 பீட் (தாளத்தட்டு) என்று வையுங்க. பீட்டுக்கு 'தகதிமி' போட்டால் நொடிக்கு ஐந்து அசைகூட வராது. 'தகிட தகிட' போட்டால் 7. முதலில் 50-இல் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து, ஒவ்வொரு அசையும் தெளிவானபின் 5 கூட்டுங்க. குழைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாக்கு இல்லை, சத்தம். கத்தினால் காற்று சீக்கிரம் தீரும். பேச்சுக்குரலுக்கு இறங்குங்க.

தாளப்பித்தன்: மூச்சு?

ஒலிப்பெட்டி: ஐந்து பேர் வேலையை ஒருவரா செய்யறீங்களே! க்ரேஸி, லேஸி, பிஸி, விஷ், ஃப்ளெஷ் மாறி மாறி வருவாங்க. வரிமுடிவில் இன்னொரு குரல் சேர்ந்துகொள்ளும். தனியா பாடினால் ஒரு அசையை விட்டுட்டு அங்கே வாயால் சட்டென்று இழுங்க. எந்த அசை என்று தாளில் முன்கூட்டியே குறிச்சு வையுங்க. பாடும்போது தேடினால் தாளம் போச்சு.

கீழ்க்கட்டை: பிஸியின் பகுதியைக் கடைசிக்கு வையுங்க. உச்சக்குரலில் வேகம், தொண்டை இறுகும்.